இருபத்து நான்கு கிலோ முந்நூறு

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "உங்க சர்வீஸ்ல..." என்று வாயெடுத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். எனக்கும் அந்த வியாதி முற்றித்தான் இருக்கிறது. முப்பத்தோரு வருட சர்வீஸ். அதில் இருபத்திரண்டு வருடம் ஸ்டேஷன் ரைட்டர், அதாவது புகார், வாக்குமூலம், மகஜர் எல்லாவற்றையும் எழுதுகிறவள். பேச விஷயத்துக்குப் பஞ்சமா?

இப்போது சட்டம் மாறிவிட்டது. ஒரு வீட்டைச் சோதனை போட்டால், ஒரு பொருளைக் கைப்பற்றினால், எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். இருந்தாலும், எதை எங்கே எப்படி எடுத்தோம் என்று சாட்சிகள் முன்னால் அங்கேயே எழுதுகிற மகஜரை எழுதத்தான் வேண்டும். புதிதாகத் தேர்வான எஸ்.ஐ. பிள்ளைகளுக்கு மகஜர் எழுதுவது பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லி சென்ற ஆண்டு என்னைக் கூப்பிட்டார்கள். இந்த மாதிரிப் பேசுகிற இடங்களில் வழக்கமாக மூன்று கேஸ்களைச் சொல்வேன். மூன்றாவது எப்போதும் கஞ்சா வீட்டுக் கேஸ்தான். மண்ணே இல்லாமல், மாடி அறையில், தென்னை நார் செருகிய தண்ணீர்க் குழாய்களில் வளர்த்த கஞ்சா. எங்கள் பக்கம் அப்படியொரு கேஸ் அதற்கு முன்பு வந்ததில்லை. பத்து வருட தண்டனை வாங்கிக் கொடுத்த மகஜர் என்று சொல்லி முடித்தால் எல்லோரும் கை தட்டுவார்கள்.

அன்றைக்கும் தட்டினார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அவள் விவசாயப் படிப்பு படித்துவிட்டு வந்தவளாம். எழுந்து நின்று, "மேடம், செடிய வேரோட, அந்த ஈர நாரோடயே எடை போட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, இருந்தது இருந்தபடி" என்றேன். "அப்போ பாதிக்கு மேல தண்ணிதானே மேடம் இருந்திருக்கும்?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "நினைவில்லை" என்று எழுதவே இப்போது கூசுகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும். அந்தப் பெண் கேட்டதை ஆறு வருடங்களுக்கு முன்பே இன்னொருவர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது இரண்டாம் நிலைக் காவலராக. பயிற்சியில் ஓட்டத்தில் கடைசி, துப்பாக்கி சுடுவதில் கடைசிக்கு முந்தியவள். கையெழுத்து மட்டும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்த ஒரு அதிகாரி, "இந்தப் பொண்ண வெயில்ல நிக்க வைக்காதீங்கய்யா, உள்ள உக்கார வைங்க" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். எங்கள் ஊர் மணிமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து போகிற தூரத்திலேயே பெரும்பாலும் போஸ்டிங் கிடைத்தது. முதலில் வந்ததெல்லாம் வரப்புத் தகராறு, ஏரி மண் திருட்டு. பிறகு கம்பெனிகள் வந்தன, கேஸ்களும் மாறின. ரூமில் செல்போன் திருட்டு, பைக் திருட்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்குள் அடிதடி. நான் மட்டும் அதே மேசையில் இருந்தேன்.

நான் பார்த்த இன்ஸ்பெக்டர்களில் ஞானசேகரன் சார் ஒரு தனிப் பிறவி. குரலை உயர்த்த மாட்டார். பாரா நிற்கிற போலீஸ்காரரைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடிப்பார். மகஜர் எழுதி முடித்ததும் கையெழுத்துப் போட மாட்டார், சத்தமாகப் படிக்கச் சொல்வார். ஒருமுறை "பயங்கரமான கத்தி" என்று எழுதியிருந்தேன். "எத்தனை அங்குலம்னு எழுதுங்கம்மா. பயங்கரமா இல்லியானு ஜட்ஜ் பாத்துக்குவாரு" என்றார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "விட்டுப்போச்சா ஏதாவது?" நாங்கள் "இல்ல சார்" என்ற பிறகுதான் பேனாவின் மூடியைக் கழற்றுவார்.

அவருக்கு ஒரு காயம் இருந்தது. எஸ்.ஐ.யாக இருந்தபோது லாரியில் ஒரு மூட்டையைப் பிடித்திருக்கிறார். உள்ளே கஞ்சாவோடு வைக்கோலும் கந்தல் துணியும் இருந்தன. நியாயமாக இருக்கட்டும் என்று வைக்கோலைப் பிரித்து எடுத்துவிட்டுக் கஞ்சாவை மட்டும் எடை போட்டிருக்கிறார். கோர்ட்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். பிரித்தது யார், எடுத்துப்போட்ட வைக்கோல் எங்கே, அதோடு வேறு என்ன போயிற்று, உள்ளே வேறு என்ன வந்தது? கேஸ் தள்ளுபடி. தீர்ப்பில் அவரைப் பற்றி நான்கு வரி காட்டமாக எழுதிவிட்டார்கள். அதிலிருந்து அவருடைய வேதவாக்கு, இருந்தது இருந்தபடி. எதையும் எதிலிருந்தும் பிரிக்காதே. கண்ணில் பட்டதை அப்படியே கட்டு, அப்படியே நிறு, அப்படியே எழுது. நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். மூட்டை மூட்டையாய்க் காய்ந்த சரக்கு பிடிபட்ட காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம். காலை பத்தரை மணிக்கு மூன்று பெண்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். கம்பெனியில் வேலை செய்கிற, ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளைகள். மூவரும் தெற்கத்திக்காரர்கள்.

"மேடம், ஷிப்ட் முடிஞ்சு வந்து துணி தொவச்சுப் போட்டா காயவே மாட்டேங்கு. பக்கத்து மாடி வீட்டு ஏசி தண்ணி பூரா எங்க கொடி மேலதான் சொட்டுது. நாலு ஏசி மேடம். இருக்கது ஒரே ஒரு ஆளு. சொல்லப் போனா கதவத் தொறக்கவே மாட்டேங்காரு" என்றாள் ஒருத்தி.

இதற்கெல்லாம் யாரையும் அனுப்ப மாட்டோம். அன்றைக்கு எனக்கு எழுத்து வேலை குறைவு. போலீஸ் புத்தி, நாலு ஏசி என்பது காதில் உறுத்தியது. ஏட்டு பாபுவோடு ஜீப்பில் ஏறினேன்.

"நாலு ஏசியா? பெரிய ஆபீசர் வூட்லயே ரெண்டுதான் கீது மேடம். இன்னா கல்யாண மண்டபமா நடத்திகினு கீறான்?" என்றார் பாபு.

பிள்ளைப்பாக்கம் போகிற வழியில், பிளாட் போட்டு விற்ற இடத்தில் இருந்த மாடி வீடு. ஜன்னல் எல்லாவற்றிலும் உள்ளேயிருந்து ஏதோ ஒட்டி அடைத்திருந்தார்கள். கதவைத் தட்டினோம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு சாண் அளவுக்குத் திறந்தார். அந்த ஒரு சாண் வழியாகவே வாசனை வந்துவிட்டது. பிடிபட்ட பொருள்களை வைக்கிற மால் ரூமில் பத்து வருடம் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியவள் நான், தப்புமா? அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கதவை மூட அவர் முயற்சி செய்யவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். "கிடைச்ச தகவல முதல்ல எழுதி மேல அனுப்புங்கம்மா. அப்புறம்தான் உள்ள கால் வைக்கணும்" என்றார். அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து எழுதினேன். சார், கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவ்வளவு நேரமும் அந்த ஆள் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். சார் வாசற்படியில் கால் வைத்தபோது, பழக்க தோஷத்தில் அவர் வாயிலிருந்து வந்தது, "சார், செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. உள்ள தூசி ஆகாது."

பாபு சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்களும் கழற்றினோம்.

உள்ளே பட்டப்பகலைவிட வெளிச்சம். சுவரெல்லாம் பளபளவென்று தாள். தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வெள்ளைக் குழாய்கள் வரிசையாகப் போயின. குழாயில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் தென்னை நார்க் கட்டி செருகி, அதில் ஒரு செடி. முப்பத்தாறு செடிகள். சிறிய மோட்டார் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. மண் என்பது அந்த வீட்டில் மருந்துக்கும் கிடையாது. ஒரு மூலையில் பாய், அடுப்பு, ஒரு குழந்தையின் படம். ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. பிரித்துப் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை தண்ணீரைச் சோதித்து எழுதிய கணக்கு. ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவரும் என்னைப் போல எழுதிப் பிழைக்கிற ஆள்தான் என்று தோன்றியது.

பெயர் மாரிச்சாமி. சங்கரன்கோவில் பக்கம். ஒரு கம்பெனியில் எட்டு வருடம் தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்திருக்கிறார். கான்ட்ராக்ட் மாறியதும் வேலை போய்விட்டது. வெளிநாட்டுக் கீரை வளர்க்கிறோம், தண்ணீர் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒருவன் கூட்டி வந்து இங்கே வைத்திருக்கிறான். அந்த ஒருவனுடைய போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. கடைசிவரை அவன் பிடிபடவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் எழுத்தில் எதிரி என்போம்; முதல் எதிரி தலைமறைவு என்று நான்தான் எழுதினேன்.

"கீரை இல்லனு எப்போ தெரிஞ்சுது?" என்று சார் கேட்டார்.

மாரிச்சாமி மூலையில் இருந்த குழந்தையின் படத்தைப் பார்த்தார். பிறகு, "ரெண்டாவது மாசமே தெரிஞ்சு போச்சு சார். போயிரணும்னுதான் நெனச்சேன்" என்றார். மனைவிக்கு அப்போது ஒரு செல்போன் கம்பெனியில் வேலை, இரண்டு வயதில் ஒரு மகள். போகவில்லை. அவர் ஒன்றும் அறியாத அப்பாவி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. குற்றம் நடந்தது, தண்டனையும் உண்டு. எவ்வளவு என்பதுதான் விஷயம்.

அதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் கஞ்சாவுக்கு இருபது கிலோ ஒரு கோடு. அதற்குக் கீழே இருந்தால் ஜாமீன் கேட்கலாம், தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ ஜட்ஜுக்கு இடம் உண்டு. கோட்டைத் தாண்டினால் ஜாமீன் குதிரைக் கொம்பு. குற்றம் ருசுவானால் பத்து வருடத்துக்குக் குறைய முடியாது. ஒரு கிலோ இப்படியா அப்படியா என்பதில் ஒரு மனிதனின் ஆயுசில் ஒரு துண்டு போய்விடும்.

எங்கள் ஸ்டேஷன் தராசு பழுது. பழைய இரும்புக் கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு வாங்கி வரச் சொன்னார் சார். அதை அப்படியே நம்பிவிடுவாரா? எதிர்க் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கி, சாட்சிகளின் கண் முன்னால் தராசில் வைத்துச் சரிபார்த்தார். அதையும் மகஜரில் எழுதச் சொன்னார். செடிகளைக் குழாயிலிருந்து நார்க் கட்டியோடு உருவி, வெள்ளை உரச் சாக்கில் போட்டார்கள். காலிச் சாக்கைத் தனியாக நிறுத்து, ஒவ்வொரு சாக்குக்கும் நூற்றுப் பத்து கிராம் கழித்தோம். அவ்வளவு நேர்மை. சாக்கின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகித் தராசின் தட்டை நனைத்தது. ஒவ்வொரு முறையும் பாபு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் தராசுக்குப் பக்கத்தில் பலகையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். மாரிச்சாமியை எனக்கு இரண்டு கை தள்ளி உட்கார வைத்திருந்தார்கள். சார் ஜன்னலோரம் கிராம நிர்வாக அலுவலரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது சாக்கு தராசில் ஏறியபோது மாரிச்சாமி மெதுவாக என்னிடம் சொன்னார்.

"யம்மா, தண்ணிய வடிச்சிட்டு நிறுக்கச் சொல்லுங்கம்மா. அந்த நார்க் கட்டி பூரா தண்ணில்லா. பிழிஞ்சா முக்கால்வாசி போயிரும்மா."

அவருக்குச் சட்டத்தின் கோடு தெரியாது. எட்டு வருடம் தண்ணீரோடு வேலை செய்தவர். கணக்கு தப்பாகப் போகிறது என்று சொன்னார், அவ்வளவுதான். நான் நிமிர்ந்து பார்த்தேன். "பேசாம இரு" என்றேன். எழுதிக்கொண்டே போனேன்.

நான்கு சாக்கு. மொத்தம் இருபத்து நான்கு கிலோ முந்நூறு கிராம். அரக்கு உருக்கி, நூல் கட்டி, சீல் வைத்தோம். சத்தமாகப் படித்தேன். உப்புப் பாக்கெட்கூட அதில் இருந்தது. சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"விட்டுப்போச்சா ஏதாவது?"

"இல்ல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில்கள் நிறைய. எதிரி பேசுவது மகஜரில் வராது, அது வாக்குமூலத்தில்தான் வரும் என்பது எங்கள் வழக்கம். எதிரி என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வான். பிரித்தால் கேஸ் போய்விடும் என்பது சாருடைய பாடம். எல்லாம் சரிதான். உண்மை அதைவிடச் சின்னது. ஆறு பக்கம் ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதியிருந்தேன். மறுபடி சீலை உடைத்து, சாக்கைப் பிரித்து, தண்ணீரை வடித்து, முதலிலிருந்து எழுத எனக்கு மனம் வரவில்லை. சாரிடம் சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. குறைந்தது, "எழுதிக்கோங்கம்மா" என்றாவது சொல்லியிருப்பார். சொல்லும் வாய்ப்பையே நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில் ஒப்படைக்கும்போது பதினொரு கிலோ சொச்சம்தான் இருந்தது. உலர்ந்து எடை குறைந்தது என்று விளக்கம் எழுதினேன். அதுவும் நல்ல கையெழுத்துதான். ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடியானது. பிடித்த அன்றைய எடைதான் கணக்கு; மகஜரில் இருந்த இருபது கிலோவுக்கு மேல் என்ற ஒரே வரி போதுமாக இருந்தது. பிறகு கொரோனா வந்தது, கோர்ட்டுகள் முடங்கின. ஞானசேகரன் சார் அந்த இரண்டாவது அலையில் போய்விட்டார். அவருடைய பிளாஸ்க் கொஞ்ச நாள் ஸ்டேஷனிலேயே இருந்தது. யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை.

விசாரணைக்கு வந்தபோது நான் மூன்றாவது சாட்சி. மாரிச்சாமிக்கு இலவச சட்ட உதவி வக்கீல். அவர் மற்ற எல்லாவற்றையும் ஏனோதானோ என்றுதான் கேட்டார். கடைசியாக ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "எடை போடும்போது, தண்ணீரை வடித்துவிட்டு நிறுக்கும்படி எதிரி உங்களிடம் கேட்டுக்கொண்டாரா?"

சாட்சிக் கூண்டில் நின்றபடி கணக்குப் போட்டேன். ஆமாம் என்றால் மகஜரை ஏன் அப்படி எழுதினாய் என்று அடுத்த கேள்வி வரும். கேஸ் உடையும். செத்துப்போன சாரை மறுபடியும் ஒரு தீர்ப்பில் நான்கு வரி திட்டுவார்கள். இல்லை என்றால் அது பச்சைப் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் போலீஸ் சாட்சிகளுக்கென்றே ஒரு சந்து உண்டு. அன்றைக்குக் காலையில்தான் அரசு வக்கீல், "தெரியாததுக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லிடுங்க மேடம், அது பொய்யில்ல" என்று சொல்லியிருந்தார்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

எதிரிக் கூண்டில் நின்ற மாரிச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பது போல, கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். கோர்ட்டின் பின்வரிசையில் ஒரு பெண் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வருடம் தண்டனை என்று தீர்ப்பு வந்த அன்று எனக்குப் பாராட்டுச் சான்றிதழுக்குப் பரிந்துரை போனது. வந்தது. வீட்டுச் சுவரில் மாட்டினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு மகஜராகிவிடும்.

பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் கேட்டுவிட்டுப் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிச்சாமியின் மனைவியைத் தேடிப் போனேன். பெயர் பேச்சியம்மாள். இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறையில் மகளோடு இருக்கிறாள். செல்போன் கம்பெனி வேலை போய், இப்போது ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ரைட்டரம்மாதான? கோர்ட்டுல பாத்திருக்கேன். உக்காருங்கக்கா" என்று பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்தினாள்.

உட்காராமலேயே சொன்னேன். அன்றைக்கு அவர் என்னிடம் சொன்னது உண்மை, எனக்கு ஞாபகம் இருந்தது, கோர்ட்டில் நான் மறைத்துவிட்டேன். அழக்கூடாது என்று எண்ணியிருந்தேன், அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. திட்டுவாள், செருப்பைத் தூக்குவாள் என்றெல்லாம் நினைத்துத்தான் போயிருந்தேன். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மொத மொத ஜெயில்ல மனு போட்டுப் பாக்கப் போனப்பவே சொன்னாருக்கா" என்றாள். "'நான் அந்த ரைட்டரம்மாகிட்ட சொல்லிருக்கேன் பேச்சி, நல்ல மாதிரியா இருக்காவ, கோர்ட்டுல கேட்டா சொல்லிருவாவ'ன்னு. ஒவ்வொரு தடவ போறப்பயும் அதத்தான் சொல்லுவாரு. வக்கீலுக்குச் சீட்டு எழுதிக் குடுத்ததும் அவருதான். உங்களத்தான் நம்பிட்டுக் கெடந்தாரு."

அப்போதுதான் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னியளா, எனக்கு விட்டுப்போச்சுக்கா. கீரைன்னு சொல்லி ஏமாத்துனாரு, இதுவும் பொய்யின்னு நெனச்சேன். போலீசு பொம்பள எதுக்குப் பொய் சொல்லப்போவுதுன்னு நெனச்சேன். அன்னைலருந்து நான் போய்ப் பாக்கல. மூணு வருசமாச்சு. லெட்டர் வரும். பிரிக்காமலே வச்சிருவேன்."

மகள் அப்போது வெளியே கோடு போட்டு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பேச்சி அவளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அத அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லாக்கா."

நான் ஒரு ஆளுக்கு எடையைத்தான் கூட்டி எழுதினேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய சொல்லை அவருடைய மனைவியிடமே செல்லாததாக்கிவிட்டேன் என்பது அந்த ஒற்றை அறையில்தான் தெரிந்தது.

மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் கிடப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கிற வக்கீலிடம் பேச்சியோடு போனேன். நடந்ததை எல்லாம் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுப்பதாகச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது எடுபடும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா பொய் சாட்சி சொன்னதுக்கு உங்க மேல நடவடிக்கை வரலாம். பென்ஷன்லகூட கை வைக்கலாம். வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் சுவரில் தொங்கும் சான்றிதழும்தான். டைப் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் கையாலேயே எழுதினேன். இரண்டு பக்கம்தான். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

போன மாதம் பேச்சி அதன் நகலை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, சிறையில் அவரைப் பார்க்க மனு போட்டாள். அவள் தனியாகப் போகத் தயங்கியதால் நானும் போனேன், சிறை வாசல்வரை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அப்படிச் சொன்னால் அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள். இருவருக்கும் முகம் வீங்கியிருந்தது.

"வந்தாரா?"

"வந்தாருக்கா. முடியெல்லாம் நரச்சுப் போச்சு" என்றாள். "இவ எத்தனாங் கிளாசுன்னு கேட்டாரு. மூணுன்னு சொன்னா. கண்ணாடியில கைய வச்சுக்கிட்டே நின்னாரு. அந்தக் காயிதத்தக் காமிச்சேன். முழுசாப் படிச்சாரு. சரின்னு தலைய ஆட்டுனாரு."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை, கேட்டேவிட்டேன்.

பேச்சி மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி, "உங்களப் பத்தி ஒண்ணும் கேக்கலக்கா" என்றாள்.

பஸ்ஸில் மூவருக்கும் இடம் கிடைத்தது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் இன்னும் என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? என்னிடம் கேட்க வேண்டியதை அவர் அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்திலேயே கேட்டுவிட்டார்.